ஜோடி கேட்டது யார்?

பெற்றோர்களே,

கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரத்தில் நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை நாய் கேட்கும். அடுக்குமாடியில் நாய் சரிப்படாது என்போம். பூனை கேட்கும். பாட்டிக்கு ஆகாது என்போம். கடைசியில் பேரம் கினி பிக்கில் வந்து படியும். குரைக்காது, லேசில் கடிக்காது, விலையும் கையைக் கடிக்காது. கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். உடனே நம் வாயிலிருந்து வந்து விழும்: "ஒத்தையா எப்படிண்ணே வாங்குறது? ஜோடியா குடுங்க."

துணை வேண்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பழக்கி வளர்த்த பிராணி இது. கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வாழ்வது அதன் சுபாவம். தனியே போட்டால் ஏங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினி பிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. ஆக, இரண்டு வாங்கியது நல்ல புத்தி. துணை என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்று நாமாக எடுத்துக்கொண்டோமே, கோணல் அங்கே தொடங்குகிறது. பிள்ளை ஜோடி கேட்கவில்லை. கினி பிக்கும் கேட்கவில்லை. கேட்டது நாம்.

நம் வீட்டில் ஒரு சம்பந்தம் என்றால் மாப்பிள்ளையின் சித்தப்பா எந்த வங்கியில் வேலை பார்க்கிறார் என்பதுவரை விசாரிக்கிறோம். கூண்டுக்குள் இரண்டு உயிர்களைச் சேர்த்து விடும்போது மட்டும், எது ஆண், எது பெண், என்ன வயது என்ற மூன்று கேள்விகூடக் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரர் "ரெண்டும் பொண்ணுதான் சார், தைரியமா கொண்டுபோங்க" என்று சொல்லும் ஒரு வரியோடு திருப்தியாகிவிடுகிறோம். அவர் எல்லாவற்றையும் ஒரே கூடையில்தான் கொட்டி வைத்திருக்கிறார் என்பது கண்ணுக்கெதிரே தெரிகிறது. அந்தக் கூடையில் ஒரு மாதம் கிடந்த பெண் குட்டி, நம் வீட்டுக்கு வரும்போதே சினையாக இருக்கலாம். இரண்டும் நிஜமாகவே பெண்ணாக இருந்தாலும் வீட்டில் குட்டி பிறக்கக்கூடும் என்று எத்தனை பேர் யோசித்தோம்?

செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டுதான் கடை நடத்த வேண்டும். நாய், பூனை, முயலோடு கினி பிக்கும் அந்த விதிகளுக்குள் வருகிறது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நமக்கு, பதிவு எண் இருக்கிறதா, ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்க வாய் வராதா?

சரி, கணக்குக்கு வருவோம். நம் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிக் கற்க வைக்கிற அதே கணக்குதான்.

கினி பிக்கின் சினைக்காலம் 59 முதல் 72 நாள். சராசரி 68 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டி சாதாரணம். குட்டி போட்ட தாய் சில மணி நேரத்துக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால், ஈரம் காயாத குட்டிகள் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். ஆண் குட்டி மூன்று வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். பெண் குட்டிக்கு நாலைந்து வாரம் போதும். அப்பா, அண்ணன், தம்பி என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது.

முதல் நாளே சினை பிடித்தது என்று கொள்ளுங்கள். 68-ஆம் நாள் மூன்று குட்டி, வீட்டில் ஐந்து. 136-ஆம் நாள் அதே தாய்க்கு இன்னும் மூன்று, எட்டு. முதல் ஈற்றில் இரண்டு பெண் இருந்து, ஐந்து வார வயதில் அவையும் சினையாகியிருந்தால், 171-ஆம் நாளில் ஆளுக்கு இரண்டு போடும். பன்னிரண்டு. ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் பால்கனியில் ஒரு பண்ணை. பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். குட்டிகளுக்குப் பெயர் வைத்துக் களைத்துப்போய், எண் போட ஆரம்பித்திருக்கும். கூண்டு கழுவுவது பாட்டி.

எண்ணிக்கை பெருகுவதுகூட இரண்டாம் கவலைதான். அந்தத் தாயின் உடம்பைப் பாருங்கள். முழு வளர்ச்சி அடைந்த பெண் கினி பிக் 700 முதல் 900 கிராம் இருக்கும். குட்டிகள் எலிக்குட்டிகளைப் போலக் கண் திறக்காமல் பிறப்பதில்லை. முழு ரோமம், திறந்த கண், முளைத்த பல்லோடு பிறந்து சில மணி நேரத்தில் ஓடித் திரியும். அப்படி வளர்ந்த மூன்று குட்டி என்றால், பல சமயம் 250 கிராமுக்கு மேல் அந்தச் சின்ன வயிறு சுமக்கிறது. கடைசி வாரங்களில் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, நடப்பதற்கே சிரமப்படும். இந்தச் சுமையை இறக்கிய அன்றே மறுபடி ஏற்றினால், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றுக்கு உடம்பைக் கரைக்க வேண்டும். வருஷத்துக்கு ஐந்து ஈற்றுவரை போக இடமுண்டு. எந்தத் தாய் தாங்கும்?

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாது. பெண் கினி பிக்கின் இடுப்பெலும்பு இரண்டும் முன்பக்கம் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். பிரசவம் நெருங்கும்போது அது இளகி, எலும்புகள் விலகி வழிவிடும். ஏழெட்டு மாதம்வரை குட்டியே போடாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடும் என்றும், அதன்பிறகு முதல் தடவையாகச் சினையானால் குட்டி வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளலாம் என்றும் கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். அதிலும் தாய் பிழைப்பது நிச்சயமில்லை. "ரெண்டு வருஷமா தனியா இருந்துச்சு, பாவம், ஒரு ஆணை வாங்கி விட்டோம்" என்று சொல்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டு மாதக் குட்டியைச் சினையாக்குவது ஒரு கொடுமை என்றால், இரண்டு வயதுக்காரியைப் புதிதாகச் சினையாக்குவது அதைவிடக் கொடுமை.

தாய் பருமனாக இருந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. சினையின் கடைசி நாட்களில் பயத்தாலோ வெயிலாலோ சாப்பிடாமல் கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு மளமளவென்று கரைந்து இரத்தத்தில் நச்சு ஏறிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று காலை பார்த்தால் இல்லை என்று பலர் சொல்லும் கதைக்குப் பின்னால் இது இருந்திருக்கலாம்.

இதெல்லாம் யாருக்கோ நடப்பது என்று நினைக்காதீர்கள். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் பிங்கி, ரோஸி என்று இரண்டு "தங்கைகள்". பிங்கி ரொம்பக் குண்டாகிறாள், கேரட்டைக் குறைக்கலாமா என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது ரோஸி இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, தொண்டைக்குள் மோட்டார் ஓடுவதுபோல் உறுமிக்கொண்டு பிங்கியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. "டான்ஸ் ஆடுறா ஆன்ட்டி, தினமும் ஆடுவா" என்றாள் அந்த வீட்டுப் பெண். ரோஸியைத் தூக்கி மடியில் வைத்து, கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். பின்காலுக்கு நடுவே இரண்டு பக்கமும் தெளிவான புடைப்பு. அதற்கு மேலே, வயிற்றுப் பக்கமாக விரலால் லேசாக அழுத்தியதும் சின்னதாக ஒன்று வெளியே வந்தது. அம்மா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக யாருக்கோ போன் பண்ண வேண்டியிருந்தது. குழந்தை மட்டும்தான் உருப்படியாகக் கேட்டது: "அப்போ பிங்கி குண்டா இல்லையா?"

இல்லை. பிங்கி நிறைசூலி. கேரட்டைக் குறைத்துப் பட்டினி போட்டிருந்தால் தாயும் போயிருக்கும், குட்டிகளும் போயிருக்கும்.

இந்தக் கூச்சத்தைத்தான் நான் சாடுகிறேன். ஆணா பெண்ணா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, மறு கையால் பின்பாகத்தை ஏந்தி, நிமிர்ந்தவாக்கில் பிடியுங்கள். ரொம்ப நேரம் மல்லாக்கப் போடாதீர்கள், பயந்துவிடும். பெண்ணுக்கு அந்த இடம் ஆங்கில எழுத்து ஒய் வடிவத்தில் பிளந்திருக்கும். ஆணுக்கு வட்டமான சிறு மேடும், அதன் நடுவே புள்ளிபோல் ஒரு திறப்பும் இருக்கும். மேலே மெல்ல அழுத்தினால் குறி வெளியே தெரியும். வளர்ந்த ஆணுக்கு விதைகளின் புடைப்பே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வாரக் குட்டியிலும் இந்த வித்தியாசம் தெரியும். சந்தேகமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைக்காரர் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்.

"கூடப்பிறந்ததுங்கதானே, அதெல்லாம் செய்யாது." செய்யும். மூன்று வாரம் தாண்டிய எந்த ஆணும் எந்தப் பெண்ணோடும் சேரும், தாயோடும் சேரும்.

"ராத்திரி தனித்தனிக் கூண்டு. பகல்ல மட்டும் கொஞ்ச நேரம் ஒண்ணா விளையாட விடுறோம்." சேருவதற்கு அவற்றுக்குச் சில விநாடிகள் போதும். பெண் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒரு தரம் பருவத்துக்கு வரும். நீங்கள் தேநீர் போட அடுக்களைக்குப் போய்வரும் நேரம் போதும்.

"குழந்தை ஒரு பிரசவத்தைப் பார்க்கட்டுமே, இயற்கையைக் கத்துக்கட்டும்." இதைச் சொல்கிற அதே ஆள், குட்டி எப்படி வந்தது என்று குழந்தை கேட்டால் "சாமி குடுத்தது" என்று சொல்லி நழுவுகிறார். பாடம் நடத்த மனம் இல்லாதவர் பரிசோதனைக்கு மட்டும் ஓர் உயிரை ஏன் ஒப்புக்கொடுக்க வேண்டும்? இதில் குழந்தை கற்றுக்கொள்ளப்போவது என்ன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விடியற்காலையில் செத்துக் கிடக்கும் தாயையும் அதன் மேல் ஏறி முட்டிப் பால் தேடும் குட்டிகளையும் முதலில் பார்ப்பது அந்தக் குழந்தையாக இருக்கலாம்.

"அதிகமாச்சுன்னா யாருக்காவது குடுத்துடலாம்." யாருக்கு? நாம் ஏற்கெனவே நான்கு வீட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று. அவர்களும் தங்கள் குட்டிகளை நம்மிடம் தள்ளப் பார்க்கிறார்கள். பிறகு இரவோடு இரவாகப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ விடும் வேலை நடக்கிறது. "புல்லு நிறைய இருக்கு, பொழச்சுக்கும்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பிழைக்காது. வேகமாக ஏறத் தெரியாது, உயரத் தாவத் தெரியாது, வளை தோண்டவும் தெரியாது. காகம், பருந்து, பூனை, தெருநாய் எதற்கும் அது ஒரு வாய்ச் சோறு. பட்டினியும் தாகமும் வந்து வதைபடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளையைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் குற்றத்தைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வளர்க்கவே முடியாதா? தாராளமாக முடியும். ஆணுக்கு விதைநீக்க அறுவை செய்துவிட்டால், ஓர் ஆண், ஒன்றோ இரண்டோ மூன்றோ பெண் என்ற குடும்பம் கினி பிக்குகளுக்கு மிகவும் ஒத்துப்போகும் ஏற்பாடு. பெண்களுக்கிடையே சச்சரவு வந்தால் ஆண் நடுவே போய் அடக்கிவைப்பதும் உண்டு. ஆனால் இதில் நாம் அவசரப்படக் கூடாத இடங்கள் சில உண்டு.

முதலாவது, யாரிடம் செய்வது. நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் கினி பிக்கில் கை வைப்பதில்லை. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கும் அங்கங்கே கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எங்கே போனாலும், "இதற்கு முன் கினி பிக்குக்கு இந்த அறுவை செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. நாய்க்குச் செய்வதுபோல முந்தின இரவே பட்டினி போடச் சொன்னால், வேறு மருத்துவரைப் பாருங்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு காலியாகக் கிடந்தால் குடல் நின்றுபோகும். அறுவை முடிந்து வந்ததும் மரத்தூளில் விடாமல், சுத்தமான துண்டு விரித்து அதில் வையுங்கள். புண்ணில் தூசி ஒட்டக் கூடாது.

இரண்டாவது, காத்திருப்பது. விதையை நீக்கிய மறுநாளே ஆண் மலடாகிவிடாது. உள்ளே தங்கியிருக்கும் விந்து தீர வாரங்கள் ஆகும். ஆறு வாரம் பிரித்து வைப்பது பாதுகாப்பு. "ஆபரேஷன்தான் ஆச்சே" என்று அன்று மாலையே கூண்டில் சேர்த்து, காசும் போய் குட்டியும் பிறந்த வீடுகள் உண்டு. அந்த ஆறு வாரமும் இரண்டு கூண்டையும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பக்கத்தில் வையுங்கள். வாசனை போகட்டும், குரல் போகட்டும். மூக்கு மட்டும் கம்பிக்குள் நுழைய வேண்டாம். மேலே மூடியும் வேண்டும். பெண் வாசனை பிடித்த ஆண், வழக்கமாகத் தாவாத உயரத்தையும் தாவிப் பார்க்கும்.

மூன்றாவது, சேர்த்து வைக்கும் நாள். இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில், தரையில் துணி விரித்து, நிறையப் புல்லைக் கொட்டி விடுங்கள். உறுமும், துரத்தும், மேலே ஏறும். அதெல்லாம் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும் வேலை. பல்லை நறநறவென்று கடித்து, பிடரி மயிர் சிலிர்த்து, வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தால் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நடுவே நீட்டாதீர்கள். ஒரு துண்டைப் போட்டுப் பிரியுங்கள். இரத்தம் பார்த்துவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

நான்காவது, இடம். கிளிக்கூண்டும் வெள்ளெலிக்கூண்டும் இதற்குப் பற்றாது. இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடித் தரை வேண்டும். மூன்று என்றால் பத்துக்கு மேல். தரை கம்பியாக இருந்தால் உள்ளங்கால் புண்ணாகும். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு வாசல். ஆணின் தொல்லை தாங்காத பெண்ணுக்கு ஓடித் தப்ப வழி இருக்க வேண்டும். தண்ணீர் புட்டியும் புல் போடும் இடமும்கூட இரண்டிரண்டாக இருக்கட்டும்.

அறுவைக்குச் செலவு செய்ய முடியாது, அல்லது பக்கத்தில் ஆள் இல்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். இரண்டு பெண் வாங்குங்கள். இருப்பதிலேயே சிக்கல் குறைந்தது அதுதான். இரண்டு ஆணும் சேர்ந்து வாழும்: அண்ணன் தம்பியாகவோ, ஒரு பெரியதும் ஒரு சிறியதுமாகவோ இருந்தால் நல்லது. விடலைப் பருவத்தில் கொஞ்ச நாள் முட்டிக்கொள்ளும். இடம் தாராளமாக இருக்க வேண்டும். பெண் வாசனையே அந்தப் பக்கம் வீசக் கூடாது. ஒரு பெண்ணை நடுவே விட்டால் அதுவரை ஒற்றுமையாக இருந்த இரண்டு ஆணும் இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். ஆணுக்குத் துணையாக முயலை விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். முயல் ஓர் உதை விட்டால் இதற்கு எலும்பு முறியும். முயலின் மூக்கில் தொல்லையில்லாமல் குடியிருக்கும் கிருமி கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டுவரும்.

ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறதா? இன்றைக்கே பிரியுங்கள். பெண் சினை என்றே வைத்துக்கொண்டு, பிரித்த நாளிலிருந்து 72 நாள் நாட்காட்டியில் குறியுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம். பெண்ணுக்குப் பெண் துணை இருந்தால் பிரிக்காதீர்கள், ஆணை மட்டும் வெளியேற்றுங்கள். எந்நேரமும் புல் இருக்க வேண்டும். வைக்கோலில் சத்து இல்லை. அறுகம்புல்லோ உலர்த்திய தீவனப் புல்லோ போடுங்கள்.

வைட்டமின் சி-யை மறக்காதீர்கள். நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் அதைத் தானே தயாரித்துக்கொள்ளாது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் இவற்றுக்குத் தானியம் மட்டுமே கொடுத்துப் பார்த்தபோது, மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி இவற்றுக்கும் வந்தது. சினைத் தாய்க்குத் தேவை இன்னும் கூடுதல். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, ஒரு சின்னக் கீற்று நெல்லிக்காய் போதும். விலை உயர்ந்த டப்பா எதுவும் வேண்டாம்.

குட்டி பிறக்கும் நாளில் ஆண் அந்தக் கூண்டில் இருக்கவே கூடாது. "அப்பா குட்டியைப் பாக்க வேணாமா?" என்று பிள்ளை கேட்கும். கேட்பது நியாயம்தான், அதற்காக நாமும் உருகிவிடக் கூடாது. அப்பா குட்டியைப் பார்க்கும் வழி வேறு உண்டு. மூன்று வாரம் ஆனதும் எல்லாக் குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஆண் குட்டிகளை அன்றே அப்பாவின் கூண்டுக்கு மாற்றுங்கள். பெண் குட்டிகள் தாயோடு இருக்கட்டும். நாலாம் வாரத்தில் மறுபடி ஒரு தரம் சரிபாருங்கள். முதல் தடவை கண் தவறியிருக்கலாம்.

இந்த வேலையெல்லாம் பிள்ளை தலையில் கட்டுகிற வேலை அல்ல. எட்டு வயதுக் குழந்தையிடம் "நீதானே கேட்டே, நீதான் பாத்துக்கணும்" என்று சொல்வது நம் வீடுகளில் பெரிய நீதி போலப் பேசப்படுகிறது. தண்ணீர் மாற்றுவது, புல் போடுவது, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இதெல்லாம் பிள்ளை செய்யட்டும். ஆண் பெண் பார்த்துப் பிரிப்பதும், மருத்துவரைத் தேடுவதும், அறுவைக்குப் பணம் கட்டுவதும் பெரியவர்கள் பொறுப்பு. கினி பிக்குகள் ஐந்து முதல் எட்டு வருஷம்வரை உயிரோடு இருக்கும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிளஸ் டூ எழுதும்போதும் அவை நம் வீட்டில் இருக்கலாம்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி அது. முப்பது டிகிரி தாண்டினாலே திணறும், சினையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அக்னி நட்சத்திரத்தில் மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டை வைத்துவிட்டு, ஏன் படுத்தே கிடக்கிறது என்று கேட்காதீர்கள். உள்ளே கொண்டுவாருங்கள். உறையவைத்த தண்ணீர் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

மருந்து அலமாரியையும் திறக்காதீர்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தபோது வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பில் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வகை மருந்து கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமி பெருக வழிசெய்து, அதையே கொன்றுவிடும்.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான். பிராணி மேல் பிரியம் இல்லாதவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. நீங்கள் பிரியத்தோடு வாங்கியவர்கள். அந்தப் பிரியத்தோடு ஒரு நிமிஷச் சோதனையும் ஆறு வாரப் பொறுமையும் சேர்ந்திருந்தால், இத்தனை தாய்கள் செத்திருக்காது, இத்தனை குட்டிகள் பூங்காவில் காகத்துக்கு இரையாகியிருக்காது.

ஆகவே இன்று மாலை பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் தரையில் உட்காருங்கள். கைபேசி விளக்கைப் பிள்ளை பிடிக்கட்டும். ஒவ்வொன்றாக நீங்கள் தூக்கிப் பாருங்கள். பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்னால் ஆணுக்கு வேறு பெட்டி தயாராகட்டும். நாளைக் காலையில் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள்.